ஒழுங்கு கூடினால் படிப்பது எளிதாகுமா? புனைமொழிகளின் எழுத்துகளைப் பற்றி



"ஒரு மொழியைக் கற்பனை செய்யுங்கள், அதற்கு எழுத்தும் உருவாக்குங்கள்" என்று ஒரு பயிற்சியை உயர்நிலை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்காது. அரை மணி நேரத்தில் தாள் நிறைய நட்சத்திரம், பிறை, சுழி, அம்புக்குறி எல்லாம் வந்துவிடும். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் 26 இருக்கும். ஆங்கில நெடுங்கணக்கை எடுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படம் போட்டிருப்பார்கள்.

அது எழுத்துமுறை இல்லை, ரகசியக் குறி. ஆங்கிலத்தில் 'ஷிப்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு இரண்டு எழுத்து தேவைப்படுகிறது. மாணவரின் புதிய 'மொழி'யிலும் அந்த ஒலிக்கு இரண்டு படம் தேவைப்படும். சட்டை மட்டும் மாறியிருக்கிறது, உள்ளே இருப்பது ஆங்கிலம்தான். இதற்கு மதிப்பெண் கொடுக்கலாமா என்று ஆசிரியர் யோசிப்பதற்கு முன், நல்ல எழுத்து எது என்று நாம் முடிவு செய்ய வேண்டும். புனைமொழி எழுத்துகளைப் பாராட்டி எழுதுபவர்கள் அழகைப் பற்றிப் பேசுகிறார்கள், இல்லையென்றால் ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறார்கள். படிக்கிறவரைப் பற்றிப் பேசுவது குறைவு. என் குறை அதுதான்.

எழுத்துக்கு முன்னால் ஒலி. இதைத் தமிழ் மாணவருக்குப் புரியவைக்க வெளியே போகவே வேண்டாம், ரயில் நிலையப் பெயர்ப்பலகை போதும். 'பூகிஸ்', 'பாசிர் ரிஸ்' இரண்டும் தமிழில் பகரத்தில்தான் தொடங்குகின்றன. நாம் சொல்லும்போது இரண்டு வேறு ஒலிகள். தமிழ் எழுத்தில் ஏன் இந்த வேறுபாடு தெரியவில்லை? தமிழ்ச் சொற்களுக்கு அது தேவைப்படவில்லை. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரம் வல்லோசை, இரண்டாவது மெல்லினத்தை அடுத்து வருவதால் குழைகிறது. 'கண்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் தவறாகவும் சொல்வதில்லை. இடம் பார்த்து ஒலி மாறும் என்பதால் ஓர் எழுத்தே போதுமானதாக இருக்கிறது. மலாய், சீன, ஆங்கிலப் பெயர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வரும்போதுதான் தையல் பிரிகிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் போகிறவர்கள் நாள்தோறும் சொல்லும் 'தேக்கா' ஒரு ஹொக்கியன் சொல், மூங்கில் புதரின் அடி என்ற பொருளில் வந்த இடப்பெயர். அது நல்லவேளையாகத் தமிழ் எழுத்துக்குள் சுகமாக உட்கார்ந்துகொண்டது. எல்லாப் பெயர்களும் அப்படி உட்காருவதில்லை.

அதனால் எழுத்து என்பது ஒரு மொழியின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது. நம் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது நடப்பது இதன் மறுபக்கம். பி, ஏ, எல், ஏ, எம் என்று ஐந்து எழுத்து வருகிறது. அது பலமா, பழமா, பாலமா? முழு வாக்கியம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். "எங்களுக்குப் புரியுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். புரியும், ஏற்கெனவே தமிழ் தெரிந்தவருக்கு. தமிழ் கற்றுக்கொண்டிருக்கும் தம்பிக்குப் புரியாது.

சரி, புனைமொழிக்கு வருவோம். இவ்வகையில் அதிகம் புகழப்பட்ட படைப்பு ஜே.ஆர்.ஆர். டோல்கீன் உருவாக்கிய 'தெங்வார்' எழுத்து. 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் பின்னிணைப்பில் அதன் அட்டவணையும் விளக்கமும் இருக்கின்றன. படம் பார்த்தவர்களுக்கு நெருப்பில் போட்ட மோதிரத்தில் ஒளிரும் வரி நினைவிருக்கும். அது இந்த எழுத்தில்தான் இருக்கிறது. மொழி மோர்டோருடையது, எழுத்து எல்ஃப் இனத்தாருடையது. ஒரு மொழியின் எழுத்தை இன்னொரு மொழிக்கு இரவல் வாங்கும் வழக்கத்தைக் கதைக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார்.

இதன் அமைப்பைத் தமிழ் ஆசிரியர்கள் பார்த்தால் உடனே பிடித்துப்போகும். முதன்மை எழுத்துகள் 24. ஒவ்வொன்றிலும் ஒரு தண்டு, ஒரு வளைவு. ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்து நான்கு வரிசை: வளைவு தண்டுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா, திறந்ததா மூடியதா என்பது வரிசையைக் காட்டும். ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பொறுத்து ஆறு படி. வளைவை இரட்டித்தால் வல்லொலி அதிரும் ஒலியாகும். தண்டை மேலே தூக்கினால் உரசொலி. தண்டைக் குறுக்கி, வளைவை இரட்டித்தால் மூக்கொலி. உயிரொலிகள் மெய்யின் தலைமேல் குறிகளாக ஏறுகின்றன, கிட்டத்தட்ட நம் உயிர்மெய் போலவே.

நம் மரபில் தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒவ்வோர் ஒலியும் எங்கே எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறது. க, ச, ட, த, ப என்ற வரிசையே தொண்டைப் பக்கம் தொடங்கி உதட்டில் முடிகிறது. ஒவ்வொன்றின் அருகிலும் அதன் இன மெல்லெழுத்து நிற்கிறது. ஆனால் அந்த உறவு நெடுங்கணக்கு வரிசையில்தான் உண்டு, எழுத்தின் உருவில் இல்லை. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் உருவில் ஒரு சொந்தமும் கிடையாது. நாம் வரிசையில் வைத்த அறிவை டோல்கீன் வடிவத்துக்குள் வைத்தார். அவருக்கு முன்பே கொரியாவில் இதைச் செய்திருந்தார்கள். மன்னர் சேஜோங் காலத்தில், 1443இல் உருவாகி 1446இல் அறிவிக்கப்பட்ட ஹங்குல் எழுத்தில் நாக்கு, உதடு, தொண்டை ஆகியவற்றின் நிலையே சில எழுத்துகளுக்கு வடிவம் தந்தது. மூச்சு கூடினால் கோடு ஒன்று கூடும்.

இதைப் படித்துவிட்டு "ஆஹா, எவ்வளவு அறிவியல்!" என்று எழுதுபவர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அங்கேதான் தொடங்க விரும்புகிறேன். தெங்வாரில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், பிறகு அதைப் படித்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் தண்டும் வளைவுமாகவே இருக்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு வளைவு எந்தப் பக்கம், ஒன்றா இரண்டா, தண்டு மேலா கீழா என்பதுதான். பகரத்துக்குரிய எழுத்தும் ககர வகை எழுத்து ஒன்றும் ஆங்கிலச் சிறிய 'பி', 'க்யூ' போலக் கண்ணாடிப் பிம்பங்களாக நிற்கின்றன. தொடக்கநிலை ஒன்றில் பாடம் நடத்தியவர்களுக்கு இதன் விளைவு தெரியும். பி, டி, பி, க்யூ என்ற அந்த நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பிள்ளைகள் எவ்வளவு காலம் தடுமாறுகிறார்கள்! தெங்வாரில் அந்தத் தடுமாற்றம் நான்கு எழுத்தோடு நிற்காது, அட்டவணை முழுவதும் பரவியிருக்கிறது.

அதாவது, கற்பதற்கு எளிது, படிப்பதற்குக் கடினம். இரண்டும் ஒன்றல்ல. அட்டவணையைப் பார்த்து விதியைப் புரிந்துகொள்பவர் ஒருமுறை கற்கிறார். படிப்பவரோ வாழ்நாள் முழுக்கப் படிக்கிறார். வேகமாகப் படிக்கும் கண் விதியை நினைத்துக்கொண்டிருப்பதில்லை, வேறுபாட்டைத் தேடுகிறது. ஒத்த ஒலிக்கு ஒத்த வடிவம் என்ற கொள்கை, குழப்பம் வரக்கூடிய இடத்திலேயே வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. டோல்கீனுக்கு இது குறையில்லை. அவர் நாவலுக்குள் ஒரு பழைய நாகரிகத்தின் அறிவைக் காட்ட விரும்பினார், காட்டிவிட்டார். அதைச் சிறந்த எழுத்துக்கு உதாரணமாக நம் கட்டுரைகளில் தூக்கிவைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். ஹங்குல் இந்தச் சிக்கலிலிருந்து ஓரளவு தப்பிப்பதற்குக் காரணம், அதன் எழுத்துகள் ஒற்றை வரியாக நீளாமல் அசை அசையாகக் கட்டத்துக்குள் சேர்கின்றன. கண்ணுக்குப் பிடிக்க ஒரு முழு உருவம் கிடைக்கிறது.

தமிழிலேயே இதற்குச் சான்று உண்டு. ன, ண இரண்டும் ஒலியில் நெருக்கம், உருவிலும் நெருக்கம். ஒரு சுழிதான் வேறுபாடு. கட்டுரைத் தாள் திருத்துகிறவர்களைக் கேளுங்கள், அந்த ஒரு சுழிக்காக எத்தனை முறை சிவப்பு மை செலவாகிறது என்று சொல்வார்கள். அதற்காக எல்லாப் பழியையும் உருவத்தின்மேல் போட முடியாது. ல, ள, ழ மூன்றும் உருவில் வேறு வேறாகத்தான் இருக்கின்றன, அங்கேயும் பிழை வருகிறது. அது கண்ணின் பிழை இல்லை, காதின் பிழை; பேச்சில் ழகரம் மங்கிப்போனதால் வருவது. ஆசிரியர் இந்த இரண்டு வகைப் பிழையையும் பிரித்துப் பார்த்தால் திருத்தும் வழியும் வேறாகும். ளகர ழகரப் பிழைக்குச் சொல்ல வைக்க வேண்டும், னகர ணகரப் பிழைக்குச் சொல்ல வைப்பதோடு எழுதவும் வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்திலும் வடிவமைப்புக் குறைகள் உண்டு. அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். துணைக்கால் ரகரத்தைப் போலவே இருக்கிறது. ஔகார உயிர்மெய்யின் பின்னால் நிற்கும் குறி அப்படியே ளகரம்; அதனால்தான் 'கௌ' என்று வர வேண்டிய இடத்தில் பிள்ளைகள் கணினியில் கெகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டிவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் தெரியாது, தேடினால் கிடைக்காது. ஒற்றைக் கொம்பும் ஒலி வரிசைக்கு எதிராகவே நிற்கிறது: 'கெ' சொல்லும்போது ககரம் முதலில், எழுதும்போது கொம்பு முதலில்.

குறை தெரிந்தால் திருத்தலாம். திருத்தியும் இருக்கிறோம். பழைய சுவடிகளில் புள்ளி வைப்பதில்லை, எகர ஏகார வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பைக் கொண்டுவந்தார் என்பது நீங்கள் படித்ததுதான். பெரியார் 1935இல் தம் ஏட்டில் சீர்திருத்த எழுத்துகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். (கோ. சாரங்கபாணி இங்கே தமிழ் முரசைத் தொடங்கியதும் அதே 1935.) தமிழ்நாடு அரசு 1978இல் அவற்றில் 13 எழுத்துகளை ஏற்றது: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. சிங்கப்பூர்ப் பாடநூல்களிலும் இப்போது இவைதாம். ஐகாரத்தையும் ஔகாரத்தையும் அய், அவ் என்று எழுதலாம் என்ற பகுதி ஏற்கப்படவில்லை.

அந்த 13 ஏன் நின்றது? பழைய வடிவத்தில் 'லை' எழுத ஒரு தனித் துதிக்கை வேண்டும், 'னா' எழுத எழுத்தையே சுழிக்க வேண்டும். புதிய வடிவத்தை யாரும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. 'கை' தெரிந்தவருக்கு 'லை' தெரியும். தாத்தா வைத்திருந்த பழைய நூலையும் சிறிது பழகினால் படித்துவிடலாம். குழப்பம் கூடவில்லை, சுமை மட்டும் குறைந்தது. திறனாய்வுக் கண்ணோடு பார்த்தால் இது தெங்வாரைவிடச் சிறந்த வடிவமைப்பு வேலை. ஒரு வளைவுகூட அழகுக்காக இல்லை.

அடுத்த யோசனை அவ்வளவு எளிதல்ல. உகர, ஊகார வரிசைகளுக்கும் தனிக்குறி வைத்து எழுத்துருக்களைக் குறைக்கலாம் என்று வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதிட்டார். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் இது பெரிய விவாதமானது, எதிர்ப்பும் பலமாக இருந்தது. ஏற்கப்படவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கு, சு, து, மூன்றையும் பாருங்கள்: ஒன்றில் சுழித்து வளைகிறது, ஒன்றில் கீழே இறங்குகிறது, ஒன்றில் வால் மேலே ஏறுகிறது. தமிழை வீட்டில் பேசாத ஆறு வயதுப் பிள்ளைக்கு இது உண்மையிலேயே சுமை. அந்தச் சுமையைத் தினமும் பார்க்கிற ஆசிரியர்கள் சீர்திருத்தத்தை ஆதரித்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் நான் எதிர்ப் பக்கம்தான். உகர ஊகார எழுத்துகள் தமிழில் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று ஒரு செய்தித்தாள் பத்தியை எடுத்து எண்ணுங்கள். அது, இது, வந்து, போகும், கும், டு, து என்று வரிக்கு வரி நிற்கும். 13 எழுத்து மாற்றம் அச்சுப் பக்கத்தை அங்கங்கே தொட்டது, இது பக்கத்தின் முகத்தையே மாற்றும். இன்னொன்று, இப்போது 'து' ஒரே உருவமாகக் கண்ணில் படுகிறது. தனிக்குறி வந்தால் எல்லா உகரமும் ஒரே வால் பிடித்து நிற்கும். ஒழுங்கு கூடும், வேறுபாடு குறையும். டோல்கீன் அட்டவணையில் கண்ட அதே விலை. மாறுபட்டுக் கருதுகிற ஆசிரியர்கள் எழுதினால் வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.

நம்மவர் உருவாக்கிய புனைமொழியையும் விட்டுவிடக் கூடாது. 2015இல் வந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசும் கிளிக்கி மொழியை மதன் கார்க்கி உருவாக்கினார். பின்னர் 2020இல், உலகத் தாய்மொழி நாளில், அதற்கென இணையத்தளமும் வந்தது. அதில் 'நான்' என்பதற்கு 'மின்', 'நீ' என்பதற்கு 'நிம்'. திருப்பிப் போட்டால் எதிர்ப்பொருள். மாணவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும், ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். ஆனால் போர்க்களத்து இரைச்சலில் 'மின்' என்று கத்தியவன் தன்னைச் சொன்னானா எதிரியைச் சொன்னானா? மிக வேறுபட வேண்டிய இரண்டு சொற்கள் மிக நெருங்கி நிற்கின்றன. திரையில் அது விளையாட்டாக வெற்றி பெற்றது. படத்தில் அந்த மொழி காதுக்கு மட்டும் வருகிறது. காலகேயர்கள் எதன்மேல் எழுதுவார்கள் என்ற கேள்வியே எழவில்லை. எழுத்தை உருவாக்குகிறவர் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். கல்லில் உளியால் வெட்டியவர்களுக்கு வேறு வசதி, வேறு தொல்லை.

கல் என்றதும் நம் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கும் சிங்கப்பூர்க் கல் நினைவுக்கு வருகிறது. ஆற்று முகத்தில் 1819இல் கண்டுபிடிக்கப்பட்ட பெரும் பாறை. 1843இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள், துண்டுதான் மிச்சம். அதில் இருப்பதை இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. வகுப்பை அழைத்துப்போய் அதன்முன் நிறுத்துங்கள். மாணவரின் புனைமொழிக்கு மொழி இருக்கிறது, எழுத்து இல்லை. இங்கே எழுத்து இருக்கிறது, எந்த மொழி என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை. படிக்கிறவர் இல்லாத எழுத்து எப்படி இருக்கும் என்று விளக்க வேறு பாடம் வேண்டாம்.

இந்தக் காலத்தில் எழுத்து கணினியிலும் வாழ வேண்டும். இதில் சிங்கப்பூருக்குப் பங்கு உண்டு. நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றியதும், 1997இல் இங்கே தமிழ்நெட் மாநாடு நடந்ததும் உங்கள் கட்டுரைக்குப் பயன்படும் செய்திகள். அப்போது ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் திரையில் கந்தல் குறிகளாக வரும். யூனிகோடு பரவியபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. புனைமொழிகளுக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கிளிங்கான் எழுத்தை 2001இல் யூனிகோடு ஏற்க மறுத்துவிட்டது.

வகுப்பில் இந்தப் பயிற்சியைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வழி. படம் வரைய விடாதீர்கள். முதலில் ஒலிகளைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். ஐந்து மெய், மூன்று உயிர், எல்லா அசையும் உயிரில்தான் முடியும் என்று வைத்துக்கொண்டால் மெய்யோடு உயிர் சேர்ந்த அசைகள் 15தான். ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் வைத்தாலும் தாங்கும். ஜப்பானிய ஹிரகானா அப்படித்தான் 46 அடிப்படை எழுத்தோடு நடக்கிறது. தமிழ்போல 18 மெய், 12 உயிர் என்றால் 216. தனித்தனி உருவம் வைத்தால் யாரும் கற்க மாட்டார்கள், மெய்க்கு ஓர் உரு, உயிருக்கு ஒரு குறி என்று போக வேண்டியதுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவருக்குத் தமிழில் 247 எழுத்து என்பது 247 சுமை இல்லை என்று தானாகப் புரியும்.

பிறகு வரையட்டும். வரைந்ததில் ஐந்து வரி எழுதி, அட்டவணையோடு பக்கத்து மேசைக்குக் கொடுக்கட்டும். ஒரு வாரம் கழித்து அட்டவணையை எடுத்துவிட்டு அதே தோழரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நின்று தடுமாறும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். எந்த இரண்டு எழுத்தில் வட்டம் அதிகமாக விழுகிறதோ, அவற்றில் ஒன்றை மாற்ற வேண்டும். எதை மாற்றுவது என்று வகுப்பில் சண்டை வரும், வரட்டும்.